ஸ்பிட்டிக்கு எந்தப் பக்கமாக ஏறுவது? சிம்லாவா, மணாலியா?

நொய்யல் ரைடர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். வால்பாறை, கொல்லிமலை, மூணாறு, மேகமலை என்று நம் பக்கத்து மலைகளில் வண்டி ஓட்டிப் பழக்கம் உண்டு. இமயமலைப் பக்கம் இதுவரை போனதில்லை.

செப்டம்பர் 20-க்கு மேல், சண்டிகரில் கிளம்பி சண்டிகருக்கே திரும்ப, பத்து நாள் கிடைக்கிறது. நானும் மனைவியும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று இருக்கிறோம். ஒரே வண்டி, இரண்டு பேர். என்னிடம் இருப்பது கிளாசிக் 350, பிஎஸ்6.

ரோத்தாங் கணவாய்க்குக் கீழே அடல் சுரங்கம் வந்த பிறகு மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா போய்விடலாம் என்கிறார்கள். சிம்லா வழியாக என்றால் நாலைந்து நாள் ஆகுமாம். மணாலி வழியாக ஏறி அதே வழியில் இறங்கினால் நாள் மிச்சம், அந்த நாளில் சந்திரதால் ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கலாம் என்பது என் கணக்கு. போன கையோடு முதல் இரவே சந்திரதால், அப்புறம் காஸா. இது சரியாக வருமா?

வண்டியை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டும் என்று மனைவியின் வீட்டில் பயப்படுகிறார்கள். இருவரும் சைவம். சாப்பாடு எப்படி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சண்டிகர்வாசி

வேலை நிமித்தம் பல வருஷமாக சண்டிகரில் இருக்கிறேன், லீவு கிடைத்தால் மலைதான். என் ஓட்டு மணாலிக்கு.

காரணம், சிம்லா வழியில் கின்னௌர் மாவட்டம் முழுக்கக் குறுக்கே வருகிறது. மண்சரிவுக்கும் கல் விழுவதற்கும் பேர்போன இடம். 2021 ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் விழுந்து சுற்றுலா வந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சாரியில் சரிவு ஒரு பஸ்ஸையே மூடியது. மணாலிப் பக்கம் சுரங்கம் 9 கிலோமீட்டர், அதைத் தாண்டினால் லாஹௌல். கோக்சர், கிராம்ஃபூ, பாத்தல், குன்சும் கணவாய், காஸா. மொத்தமே 200 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். சுரங்கம் வழியாகப் போனால் ரோத்தாங் கணவாய்க்கான பர்மிட்டும் வேண்டாம்.

வண்டியை இங்கேயே வாடகைக்கு எடுங்கள். லாஹௌல்–ஸ்பிட்டி மாவட்ட போலீசார் பாதை நிலவரத்தைச் சமூக வலைதளங்களில் போடுகிறார்கள். கிளம்பும் முன் தினமும் பாருங்கள்.

சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்

தம்பி, நான் கோயம்புத்தூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் நானும் ஓட்டியிருக்கிறேன், போய்வந்த வண்டிகளும் என் கடைக்குத்தான் வருகின்றன. உங்கள் கணக்கில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக மாற்றச் சொல்வேன். முதல் இரவு சந்திரதால் வேண்டவே வேண்டாம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். குன்சும் கணவாய் 4,551. சந்திரதால் கிட்டத்தட்ட 4,250. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், அதோடு வைத்துப் பாருங்கள். சமவெளியிலிருந்து வந்த உடம்பு மணாலியில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாளே அங்கே போய்ப் படுத்தால், தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வர நிறைய வாய்ப்பு. நடு ராத்திரியில் முற்றினால் செய்ய வேண்டியது ஒன்றுதான், உடனே கீழே இறங்க வேண்டும். சந்திரதாலிலிருந்து எங்கே இறங்குவீர்கள்? காஸா ஆஸ்பத்திரிக்குப் போக குன்சும் கணவாயை ஏறித் தாண்ட வேண்டும். மணாலிப் பக்கம் போக, இருட்டில் கல்லும் தண்ணீருமான பாதையில் கிராம்ஃபூ வரை இறங்க வேண்டும். பின்னால் மனைவி வேறு. இடமே சரியில்லாத இடத்தில் முதல் ராத்திரியை வைக்காதீர்கள்.

சிம்லா வழியில் ஏறினால் இந்தக் கவலை பெருமளவு குறையும், ஏனென்றால் ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்ப் படுக்கிறீர்கள். நார்கண்டா 2,700 மீட்டர். அடுத்து சாங்லா, அதுவும் ஏறக்குறைய அதே உயரம். கல்பா 2,960. நாகோ 3,600-ஐ ஒட்டி. அங்கிருந்து டாபோவுக்கு வரும்போது 3,280-க்கு இறங்குகிறீர்கள், உடம்புக்கு ஒரு ஓய்வு. அப்புறம் காஸா 3,650. மெனக்கெட்டு யாரும் திட்டம் போட வேண்டியதில்லை, பாதையே அப்படித்தான் போகிறது.

அழகைச் சொல்ல வேண்டாமா என்றால், சொல்கிறேன். ராம்பூர் தாண்டியதும் சட்லெஜ் ஆறு கீழே, பாறையைக் குடைந்து செதுக்கிய பாதை மேலே. தராண்டா பக்கம் பாறை கூரையாகத் தலைக்கு மேல் நிற்கும், அதற்கடியில் வண்டி போகும். கர்ச்சாமில் வலது பக்கம் திரும்பினால் சாங்லா, சித்குல். கல்பாவில் அறைக் கதவைத் திறந்தால் எதிரே கின்னர் கைலாஷ். கல்பா வரை தேவதாரு, சில்கோசா பைன், ஆப்பிள் தோட்டம். பூ என்ற ஊரைத் தாண்டியதும் மரமே இல்லாமல் போய்விடும். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் சேர்கிறது. பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி எட்டிப் பாருங்கள், இரண்டு தண்ணீரும் நிறம் வேறாக வந்து கலப்பது தெரியும். அங்கிருந்து கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசியாக ஏறி நாகோ. ஆற்றோடு கூடவே இரண்டு மூன்று நாள் வந்து, அதன் நிலம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே காஸாவுக்குள் நுழைவதற்கும், மணாலியிலிருந்து பாய்ந்து போய் இறங்குவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நீங்கள் முதல் தடவை போகிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சண்டிகர்வாசி சொன்ன சரிவு விஷயம் உண்மை. ஆனால் அவர் சொன்ன இரண்டும் ஜூலை, ஆகஸ்ட். பருவமழை உச்சத்தில் யாரும் கின்னௌர் வழியாகப் போகக்கூடாது என்பேன். செப்டம்பர் 20-க்கு மேல் பெரும்பாலும் மழை ஓய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் பயம் இந்தப் பக்கத்தைவிட குன்சும் பக்கம்தான். 2018 செப்டம்பர் கடைசியில் லாஹௌலில் திடீரென்று பனி கொட்டி நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். குன்சும் மூடிவிட்டால் மணாலி வழி போனவருக்குக் காஸா கிடையாது. சிம்லா வழி போனவர் காஸாவைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பலாம். அதற்கு ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் வேறு ஊரைச் சேர்க்காதீர்கள், அது பாதைக்கான நாள்.

வண்டி: சொந்த வண்டிதான் எனக்குப் பிடிக்கும், சத்தம் மாறினாலே தெரியும். ஆனால் ரயிலில் டெல்லி போகவே இரண்டு நாள். பார்சலில் போட்டால் பின்னால் வரும் ரயிலிலும் வண்டி வரலாம். டேங்கைக் காலி செய்து, சாக்குச் சுற்றி, ஆர்சி நகல் கொடுத்து, இறக்கும் இடத்தில் காத்திருந்து... பத்து நாளில் அதற்கு இடமில்லை. வாடகைக்கே எடுங்கள்.

எடுக்கும்போது கடைக்காரர் சாவியை நீட்டியதும் வாங்காதீர்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் எங்காவது பள்ளத்தில் உட்கார்ந்து எழுவது போல் பட்டால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போயிருக்கிறது, வேறு வண்டி கேளுங்கள். அந்தப் பாதையில் அது உயிரை வாங்கும். ஸ்போக் ஒவ்வொன்றையும் விரலால் தட்டினால் ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும், தொளதொளத்தால் லூஸ். பிரேக் பேடு கனம் பாருங்கள். சீட்டைக் கழற்றி உள்ளே டூல்ஸ் இருக்கிறதா, அந்த ஸ்பேனர் உண்மையிலேயே பின் அச்சு நட்டுக்குப் பொருந்துகிறதா என்று போட்டே பாருங்கள். ஸ்போக் வீல் என்றால் டியூப் டயர், அதனால் ஸ்பேர் டியூப் இரண்டு, டயர் லீவர், கையால் அடிக்கும் பம்ப். கிளட்ச் கேபிள் புதிது ஒன்று வாங்கி, ஓடும் கேபிளோடு ஒட்டியே விட்டு டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

மேலே போகப் போக வண்டி இழுக்காது. பயப்படாதீர்கள். குன்சும் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம் சுமார்தான். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. இரண்டு பேர், லக்கேஜ் என்றால் இரண்டாவது கியரிலேயே ஏறும். ஏறட்டும்.

பெட்ரோல் ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் நிரப்பினால் அடுத்து காஸாவை நம்பலாம், இடையில் 200 கிலோமீட்டர். காஸாவில் முழு டேங்க் போட்டால் மணாலிப் பக்கம் இறங்கும் வரை. ஐந்து லிட்டர் கேன் ஒன்று கூட இருக்கட்டும்.

உறையூர் மீட்டியோர்

தம்பி, பின் சீட்டுக்காரரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் முதலில் ஸ்பிட்டி போனது கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான். இப்போது என் வண்டியில் நானே போகிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

ஓட்டுபவருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. இடுப்பும் வாலெலும்பும் அவருக்குத்தான் போகும். பின் ஷாக் அப்சார்பரை இரண்டு பேர் பாரத்துக்கு ஏற்ற மாதிரி டைட் வைக்கச் சொல்லுங்கள். சீட் மேல் போடும் ஏர் குஷன் வாங்குங்கள், பாதி காற்று போதும், முழுக்க ஊதினால் வழுக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், கேட்க மாட்டார்.

மூச்சு விஷயம். அவருக்கு ஆஸ்துமா, இரத்தசோகை, இதயப் பிரச்சினை எதாவது உண்டா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரத்தசோகை நம் பெண்களில் நிறைய பேருக்குத் தெரியாமலே இருக்கிறது, உயரத்தில் அதுதான் படுத்தும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை போடலாமா, எவ்வளவு என்பதையும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் அதைச் சொல்ல மறக்க வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பாதையில் கழிப்பறை இல்லை என்று பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது வழக்கம். அதைச் செய்யவே கூடாது. காஸா வரைக்கும் கிராமங்கள் வருகின்றன, தாபாவிலோ ஹோம்ஸ்டேயிலோ கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். ராஜ்மா சாதம், பருப்பு சாதம், ஆலு பராட்டா எங்கும் கிடைக்கும். டாபோவுக்கு மேல் துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ சொன்னால் காய்கறி போட்டதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துப்போனால் மூன்றாவது நாளில் அருமை தெரியும்.

டாபோவை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 996-ல் கட்டிய மடம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் சுவர்தான், நிறைய பேர் அதைப் பார்த்துவிட்டே போய்விடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கண் பழகும் வரை நில்லுங்கள். சுவர் முழுக்க ஓவியம், அதற்கு மேல் சுவரிலிருந்து வெளியே வந்து நிற்கிற சுதை உருவங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. சின்ன டார்ச் கொண்டுபோங்கள், பிக்கு ஒருவரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நீலம் அந்த வெளிச்சத்தில் எழும்பி வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்று ஓவியங்களும் ஏறத்தாழ அந்தக் காலம்தான் என்று நினைத்தபோது எனக்கு அங்கிருந்து நகரவே மனமில்லை.

நொய்யல் ரைடர்

அண்ணா, அக்கா, சண்டிகர் நண்பரே, மூவருக்கும் நன்றி. முதல் இரவு சந்திரதால் திட்டத்தை விட்டுவிட்டேன். சிம்லா வழியாகவே ஏறுகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். திரும்பும்போது குன்சும் வழியாக மணாலி இறங்கும்போது நாலாக்கள் என்கிறார்களே, பாதையில் ஓடும் தண்ணீர், அதை இரண்டு பேரோடு எப்படிக் கடப்பது? சந்திரதாலைக் கடைசியில் சேர்க்கலாமா?

சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்

இரண்டு பேரோடு கடக்காதீர்கள். அவரை இறக்கிவிடுங்கள்.

நாலா என்பது மேலே உருகும் பனித் தண்ணீர். வெயில் ஏற ஏற உருகும், உருக உருகத் தண்ணீர் கூடும். காலையில் கணுக்கால் அளவு ஓடியது மதியம் மூன்று மணிக்கு முழங்காலுக்கு வரும். தண்ணீர் அதிகம் பாத்தலுக்கும் கிராம்ஃபூவுக்கும் நடுவில்தான், அதனால் அந்தப் பகுதியை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும். அதே சமயம் செப்டம்பர் கடைசி என்பதால் விடிவதற்கு முன் கிளம்பாதீர்கள். பாதையில் கசிந்த தண்ணீர் ராத்திரியில் உறைந்து கிடக்கும், டயர் நிற்காது. வெளிச்சம் வந்ததும் காஸாவில் கிளம்பினால் சரியாக இருக்கும். முந்தின இரவை லோசரில் போட்டால் இன்னும் வசதி, குன்சுமுக்கு அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள். ஆனால் லோசர் 4,000 மீட்டருக்கு மேல். காஸாவில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தால் மட்டும்.

தண்ணீரைக் கண்டதும் வண்டியை நிறுத்துங்கள். முன்னால் ஒரு ஜீப்போ லாரியோ போகும் வரை காத்திருந்து அதன் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது, எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் கழி ஒன்றை ஊன்றி நீங்களே நடந்து பாருங்கள். ஷூ நனையும், நனையட்டும். அப்புறம் முதல் கியர், ஹாஃப் கிளட்ச், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்து, கண்ணை அக்கரையில் வைத்து ஓட்டுங்கள். முன் சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் தண்ணீர் ஓட்டத்தோடு கண்ணும் போகும், வண்டியும் போகும். நடுவில் கிளட்ச்சை முழுக்கப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். எஞ்சின் அணைந்துவிட்டால் அப்படியே ஸ்டார்ட் செய்யாமல், சைலன்சர் முழுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள். கரை ஏறியதும் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினால் ஈரம் போகும்.

கூட வருபவர் முழங்கால் வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பட்டை வைத்த சாண்டல்ஸ் போட்டு நடக்கட்டும். இழுப்பு அதிகமாகத் தெரிந்தால் வேண்டாம், வருகிற ஜீப்பில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே யாரும் மறுப்பதில்லை.

சந்திரதால்: காஸாவில் உடம்பு பழகியபின் என்றால் சரி. இரவு தங்க வேண்டும் என்றில்லை. கூடாரங்கள் ஏரிக்கரையில் இல்லை, சில கிலோமீட்டர் முன்னாலேயே. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்த இரவுக்கு உங்கள் கைவச நாளைச் செலவழிக்காதீர்கள்.

சண்டிகர்வாசி

ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன உயரக் கணக்கை ஏற்கிறேன், இரண்டு பேர் முதல் தடவை என்னும்போது சிம்லா வழிதான் சரி. என் ஓட்டு நான் தனியாகப் போவதை வைத்துப் போட்டது.

ஒன்று சேர்க்கிறேன். செப்டம்பரில் நார்கண்டா, கோட்கர் பக்கம் ஆப்பிள் சீசன். லாரிகள் வரிசை கட்டும். சிம்லா ஊருக்குள் போகாமல் புறவழியில் தள்ளி வந்துவிடுங்கள், சண்டிகரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் மாலைக்குள் நார்கண்டா. அப்புறம் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யும், லடாக் மாதிரி போஸ்ட்பெய்டு கட்டாயம் இல்லை. இரண்டு பேரில் ஒருவர் பிஎஸ்என்எல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் ரெக்காங் பியோவிலேயே எடுத்து வையுங்கள். இந்தியர்களுக்கு இந்த வழியில் பர்மிட் எதுவும் தேவையில்லை, ஆதார் மட்டும் கையில் இருக்கட்டும்.

நொய்யல் ரைடர்

இப்படி வைத்திருக்கிறேன். நார்கண்டா, சாங்லா, கல்பா, நாகோ, டாபோ ஒவ்வொரு இரவு. காஸாவில் இரண்டு இரவு, நடுவில் ஹிக்கிம், லாங்சா, கீ மடம், சிச்சாம் பாலம். அப்புறம் ஒரு நாள் சும்மா. அடுத்து குன்சும் தாண்டி மணாலி, கடைசியில் சண்டிகர். சந்திரதால் பாதை, உடம்பு, நேரம் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பது. மனைவிக்கு இரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே சொல்லியாகிவிட்டது.

சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம். கல்பாவிலிருந்து நாகோ 110 கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் காலை சீக்கிரம் கிளம்புங்கள். பூவுக்கு மேல் மதியத்துக்குப் பின் காற்று எழும்பும், காற்று எழும்பினால் மேலிருந்து சின்னக் கல் உதிரும். 'கல் விழும் பகுதி' என்று போர்டு இருக்கும் இடத்தில் போட்டோ எடுக்க நிற்காதீர்கள், மேலே பார்த்துக்கொண்டே தாண்டுங்கள். நாகோவுக்கு மதியச் சாப்பாட்டுக்கே போய்விட்டால், ஏரியைச் சுற்றி மெதுவாக நடக்கலாம், உடம்பும் அந்த உயரத்துக்குப் பழகும். வண்டி கைக்கு வந்ததும் கோன்செட்டைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.